அலை இல்லாத கடற்கரை

1

சுற்றிலும் கடல் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, இந்த வருடம் நான் வீட்டுக்குள் ஒரு கடற்கரை செய்தேன். ஒன்றரை அடி நீளமுள்ள கண்ணாடிப் பெட்டி. உள்ளே வெள்ளை மணல், சிப்பிகள், மூன்று சின்னச் செடிகள், ஓரத்தில் கடலுக்குப் பதிலாக ஒரு நீலக் கண்ணாடி. டெர்ரேரியம் என்று பெயர். கீழக்கரையில் இருக்கும் என் லாத்தாவுக்கு அதைப் படமெடுத்து அனுப்பினேன். லாத்தா என் அக்கா, என்னைவிட ஏழு வயது மூத்தவர். அவர் போனுக்கு ஒரு படம் போனால் தெருவுக்கே போன மாதிரி. மறுநாளே கூப்பிட்டார். நாலு வீட்டில் செய்முறை கேட்கிறார்களாம், ஊர் மலர் பத்திரிகைக்கு எழுதி அனுப்பச் சொன்னார். தம்பி என்றாலும் என்னை, அப்பாவைக் கூப்பிடுவது போல, வாப்பா என்றுதான் செல்லமாகக் கூப்பிடுவார்.

"சுருக்கமா எழுது வாப்பா. உன்னைய விட்டா கப்பல் ஏறுன கதையிலேர்ந்து ஆரம்பிப்பே."

கப்பல் ஏறிய கதையை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். பி.காம். முடித்த கையோடு, அந்தமானில், போர்ட் பிளேரில் மாமா வைத்திருந்த கண்ணாடிக் கடைக்கு ஒரு வருடம் உதவியாக இருக்க வந்தேன். மாமா ஊருக்குத் திரும்பிவிட்டார், கடையும் நானும் இங்கேயே நின்றுவிட்டோம். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இதற்குள் போர்ட் பிளேருக்கே பெயர் மாற்றிவிட்டார்கள். கடைப் பலகையில் புதுப் பெயர் இருக்கிறது, வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.

கடை ஜங்லிகாட் என்ற பகுதியில். வீடு கடைக்கு மேலே. ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, மீன் தொட்டி, படத்துக்குச் சட்டம், எல்லாம் செய்கிறோம். சரக்கு சென்னையிலிருந்து கப்பலில் மரப்பெட்டியில் வரும். பெட்டியைத் திறக்கும்போது பிஸ்மில்லா சொல்லித் திறப்பேன். உள்ளே கண்ணாடி இருக்கிறதா, சில்லுகள் இருக்கின்றனவா என்பது ஆணி கழன்ற பிறகுதான் தெரியும்.

எனவே பெட்டி செய்வது எனக்குப் பெரிய வேலை இல்லை. ஏன் செய்தேன் என்பதைச் சொல்லாமல் செய்முறையை மட்டும் எழுதிப் பார்த்தேன். அரைப் பக்கத்தில் நின்றுவிட்டது.

2

என் மகள் நஸ்ரினுக்குப் பதினைந்து வயது. ஏப்ரலில், பரீட்சை முடிந்த வாரம், வகுப்புப் பிள்ளைகள் சிலர் இரண்டு தாய்மார்களோடு ஊருக்குத் தெற்கே ஒரு கடற்கரைக்குப் போனார்கள். போவது இங்கே சாதாரணம். நம் ஊரில் பிள்ளைகள் பஜாருக்குப் போவது மாதிரி இங்கே பீச்சுக்குப் போவார்கள்.

மதியம் நான் ஒரு ஹோட்டலுக்கான கண்ணாடியை வெட்டிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. கூடப் போன பெங்காலித் தாய்மார்களில் ஒருவர். எடுத்ததும், "கப்ராயியே மத்" என்றார். பதறாதீர்கள் என்று தொடங்கும் போனைக் கேட்ட பிறகு பதறாமல் இருக்கிற தகப்பன் யார் என்று எனக்குத் தெரியாது. நஸ்ரினைக் கடல் இழுத்துவிட்டது, பக்கத்தில் நின்ற படகுக்காரர் ஒருவர் தூக்கிவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது உட்கார்ந்திருந்தாள். தலைமுடியில் மணல். ஒரு நாள் வைத்துப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். படகுக்காரரைத் தேடிப் போய், என் மனைவி பரீதா சமைத்துக் கொடுத்த பிரியாணியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் சட்டியைத் திறந்து முகர்ந்துவிட்டு, உங்கள் பெண் பயப்படவில்லை, களைத்துப்போய்விட்டாள், அவ்வளவுதான் என்று சொன்னார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. நஸ்ரினிடமும் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று யாராவது சொல்ல ஆரம்பித்தால் நான் கடைக்கு இறங்கிவிடுவேன்.

அவள் தேறிவிட்டாள். நான்தான் தேறவில்லை. கண்ணாடியில் கட்டரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நடுவில் நின்றால், தட்டும்போது நின்ற இடத்தில் கோணலாக உடையும். அந்த நாளுக்குப் பிறகு என் கை நடுவில் நின்றது. நல்ல கண்ணாடிகள் வீணாயின. கடையில் என்னோடு வேலை பார்க்கும் தெலுங்கு நண்பர் ஒன்றும் சொல்லாமல் வெட்டுகிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். நான் அளவெடுத்து பில் போட்டேன்.

விஷயம் ஊருக்குப் போகாமல் இருக்குமா? லாத்தாதான் முதலில் கூப்பிட்டார்.

"பொம்புளப் புள்ளைய கடல்ல எறக்கி விட்டியாம்ல? நானெல்லாம் கடலுக்கு ரெண்டு தெரு தள்ளிப் பொறந்தவ. இந்த வயசு வரைக்கும் ஒரு தடவ காலு நனைச்சிருப்பேனா, கேளு."

உண்மைதான். எங்கள் தெருவில் கடல் என்பது ஆண்கள் சரக்கு அனுப்புகிற இடம். சங்கு வரும், கருவாடு வரும், உப்புக் காற்றில் இரும்புக் கதவு துருப்பிடிக்கும். பெண்கள் மாடியிலிருந்து பார்ப்பார்கள். ஆண்களும் இடுப்பளவுக்கு மேல் போனதில்லை. எனக்கு இன்றுவரை நீச்சல் தெரியாது. இதை இங்கே யாரிடமும் சொன்னதில்லை, கடற்கரை ஊர்க்காரன் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

இனிமேல் பீச் கிடையாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். பரீதா என்னைவிட நிதானமானவள். "நாலு பக்கமும் அதுதான் இருக்கு. எந்தப் பக்கம் பாத்துப் புள்ள நடக்குறது?" என்று கேட்டாள். ஜூனில் நஸ்ரினின் தோழிகள் சேர்ந்து ஒரு மலையாளி மாஸ்டரிடம் நீச்சல் படிக்க ஏற்பாடு செய்தார்கள். மழைக்காலம் முழுக்கக் குளத்தில், மழை விட்டதும் கடலில். என்னிடம் வந்து, சேரட்டுமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரமும் கேட்டாள். அதற்கும் பார்க்கலாம் என்றேன்.

மூன்றாவது முறை சேரட்டுமா என்று கேட்கவில்லை. "வாப்பா, மத்லப், அப்படின்னா இனிமே எனக்கு பீச்சே கிடையாதா?" என்று மட்டும் கேட்டாள். அழவில்லை. மாவுக்கு அரிசி ஊறப்போட்டாயிற்றா என்று கேட்கிற குரல். எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. "வீட்டுலயே ஒரு பீச் செஞ்சு தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பின்வாங்க முடியவில்லை.

3

செய்முறை கேட்ட நாலு வீட்டாரும் இந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

பெட்டிக்கு நாலு மில்லிமீட்டர் கண்ணாடி போதும். அளவு சொல்லி வெட்டி வாங்கி, விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, மாஸ்கிங் டேப்பால் நிறுத்தி, மூலைகளில் சிலிகான் வைக்க வேண்டும். அது நன்றாகக் காய்ந்து, புளித்த வாடை போகும்வரை உள்ளே எதையும் வைக்கக் கூடாது. எங்கள் பெட்டிக்கு நண்பர்தான் வெட்டித் தந்தார். மேல்மூடிக்கு மட்டும் நான் இரண்டு முறை முயன்றேன். இரண்டும் உடைந்தன. மூடியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அடியில் சின்னக் கூழாங்கல், அதன்மேல் அடுப்புக்கரித் தூள். கரி போடாவிட்டால் நாறும். பின்பாதியில் செடிக்கு மண், முன்பாதியில் மணல். இரண்டும் கலக்காமல் நடுவில் ஒரு பட்டைக் கண்ணாடியை நட்டு, மேலே தெரியாமல் மூடிவிட வேண்டும். செடிகளை புரோத்ராபூர் பக்கம் ஒரு நர்சரியில் வாங்கினோம். பனை மாதிரி விரியும் ஒன்று, குட்டிக் கற்றாழை மாதிரி இரண்டு.

மணல்தான் கஷ்டம். இங்கே கடற்கரையிலிருந்து ஒரு பிடி மணல் எடுப்பதும் குற்றம். சிப்பியும் பவளமும் அப்படியே. மேலும், கடல் மணலில் உப்பு இருக்கும், செடி கருகிவிடும். அதைக் கழுவ வேண்டுமானால் குடம் குடமாக நல்ல தண்ணீர் வேண்டும். குழாய்த் தண்ணீர் தினமும் வராத ஜங்லிகாட்டில் மணலைக் கழுவினேன் என்றால் பக்கத்து வீட்டார் என்னைக் கழுவி ஊற்றிவிடுவார்கள். ஆகவே சென்னைக்கு ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். மீன் தொட்டிக்கான வெள்ளை மணல். பாதிக் கடைகள் அந்தமான் என்றதும் அனுப்ப மாட்டோம் என்றன. ஒப்புக்கொண்ட கடையும் கப்பலில்தான் அனுப்பியது. வர மூன்று வாரம்.

பார்சலை வாங்கப் போனபோது கவுண்டரில் இருந்தவர் எடை பார்த்து, உள்ளே என்ன என்றார். ரேத் என்றேன். மணல். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரேத்? யஹாங் ரேத் கம் பட் கயா க்யா?"

இங்கே மணலுக்குப் பஞ்சம் வந்துவிட்டதா என்று கேட்கிறார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பில்லைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தினேன். நாளைக்கு யாராவது வீட்டுக்கு வந்து இது எந்தக் கடற்கரை மணல் என்று கேட்டால், மெயின்லேண்ட் மணல் என்று காட்ட வேண்டுமே.

சிப்பிக்கு லாத்தாவிடம் சொன்னேன். யாராவது பையனிடம் சொல்லிக் கொஞ்சம் பொறுக்கி அனுப்பச் சொல்லுங்கள், உங்கள் தம்பி மகள் விளையாட என்றேன். எதற்கு என்று விசாரித்தார். வீட்டில் பீச் செய்கிறோம், நஸ்ரின் இனி கடலுக்குப் போக மாட்டாள் என்று சொன்னேன். அவருக்குப் பிடித்தமான பதில் என்று நினைத்துத்தான் சொன்னேன். சரி அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஒரு ஊறுகாய் பாட்டில் நிறைய வந்தது. ஒவ்வொன்றும் கழுவித் துடைத்தது. போன் பண்ணி, யார் பொறுக்கினார்கள் என்று கேட்டேன்.

"யாரு பொறுக்குனா? நான்தான். பக்கத்து வீட்டு மரியம் மாமியையும் இழுத்துக்கிட்டு விடியக்காலை சுபுஹு தொழுதுட்டுப் போனேன். ஆள் இல்ல அந்த நேரத்துல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தண்ணி இதமா இருந்துச்சு வாப்பா. இத்தன வருசமா எனக்கு யாரும் சொல்லல."

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் பெட்டியை வைத்து மணலைக் கொட்டினோம். நான் ஒரு ஸ்கேலால் மட்டம் தட்டினேன். பனை மாதிரிச் செடி பின்னால் வலது மூலையில். சிப்பிகளைக் கரையோரம் வரிசையாக வைத்தேன். நீலக் கண்ணாடி என் கடையில் மிஞ்சிய துண்டு, அதை முன்னால் மணலோடு மட்டமாகப் பதித்தேன். ஒரு சுருக்கம் இல்லாத கடல். நன்றாகத்தான் இருந்தது. பரீதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு நஸ்ரினைப் பார்த்தாள்.

நஸ்ரின் கன்னத்தில் கை வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாப்பா, இது நம்ம பீச் இல்ல."

"பின்னே?"

"இது ஊரு பீச். கீழக்கரை. நாம லீவுக்குப் போறப்ப பாப்போமே, அது."

நான் மறுபடி பார்த்தேன். தட்டையான மணல். தூரத்தில் ஒற்றைப் பனை. அசையாத தண்ணீர். மணல் மெயின்லேண்டிலிருந்து வந்தது, சிப்பி கீழக்கரையிலிருந்து வந்தது, அதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் நான் கையால் அமைத்ததும் அதுவாகவே இருந்தது எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு வருடம் இங்கே இருக்கிறேன். கடற்கரை செய் என்றதும் கை அங்கே போயிருக்கிறது.

"நம்மது எப்படி இருக்கும், நீயே செய்" என்றேன்.

ஸ்கேலை வாங்கி வைத்துவிட்டாள். கையாலேயே மணலைப் பின்னால் தள்ளி ஏற்றினாள். செடிகளைப் பிடுங்கி மூன்றையும் நெருக்கமாக, தண்ணீரைப் பார்த்துச் சாய்த்து நட்டாள். இங்கே காடு கரைவரை வரும், மரங்கள் கடலுக்குள் தலை நீட்டும். சிப்பி வரிசையைக் கலைத்தாள். நீலக் கண்ணாடியை ஒரு பக்கம் தாழ்த்திச் சரித்தாள். பரீதா ஒரு உடைந்த விறகுச் சிம்பைக் கொண்டுவந்து கொடுத்தாள், அது விழுந்த மரம் ஆயிற்று. கொஞ்ச நேரத்தில் எனக்கு அந்த இடம் தெரிய ஆரம்பித்தது. அவள் எந்தக் கடற்கரையைச் செய்கிறாள் என்று புரிந்தது. எழுந்து கடைக்குப் போகலாம் என்று நினைத்தேன். பரீதா நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

நஸ்ரின் ஆள்காட்டி விரலால் கரையிலிருந்து கடலை நோக்கி மணலில் ஒரு வாய்க்கால் கீறினாள்.

"இங்கதான்" என்றாள்.

விரலை அந்த வாய்க்கால் மேலேயே வைத்திருந்தாள்.

"இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலை நல்லா ஒடையுது. நடுவுல மட்டும் ஒண்ணுமே இல்ல, பிளேட் மாதிரி இருந்துச்சு. நான் அலை அடிக்காத எடமாப் பாத்துதான் எறங்குனேன்."

அந்த வார்த்தைகள் என்னுடையவை. அன்று காலை அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது நான் மேலே நின்று சொன்னேன்: அலை அடிக்காத இடமாகப் பார்த்து இறங்கு. என் வாப்பா எனக்குச் சொன்னது. நம் ஊரில் அது சரியான புத்தி. நம் கடலுக்கு முன்னால் தீவுகள் வரிசையாக நின்று அலையை வாங்கிக்கொள்கின்றன. அமைதியாக இருக்கிற தண்ணீர் அங்கே ஆழமில்லாத தண்ணீர். எல்லாக் கடலுக்கும் அதுதான் என்று நினைத்துவிட்டேன்.

"அப்புறம்?" என்றாள் பரீதா.

அலை இரண்டு பக்கமும் கரைக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது, கொட்டிய தண்ணீர் எல்லாம் இந்த நடு வாய்க்கால் வழியாகத்தான் திரும்பிப் போகிறது, அதனால்தான் அங்கே அலை உடைவதில்லை என்று நஸ்ரின் விரலை ஓட்டிக் காட்டினாள். பிறகு இணையத்தில் படித்துத் தெரிந்துகொண்டாளாம். அன்றைக்குத் தெரியாது. கால் தரையில் படாமல் போனதும் தெரிந்த அரைகுறை நீச்சலில் கரையைப் பார்த்து நேராக நீந்தியிருக்கிறாள். நீந்த நீந்தக் கரை அங்கேயே நின்றது.

"நான் சொன்னதாலயா அங்க எறங்குனே?" என்று கேட்டேன்.

அவள் நிமிரவில்லை. ஒரு சிப்பியை எடுத்து ஊதினாள்.

"நீங்க ஊரு கடலுக்குச் சொன்னீங்க வாப்பா. அங்க அது கரெக்ட்தான்."

இத்தனை மாதமாக இதை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். நான் அவளைக் கடலிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அவள் என்னை இதிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

"நேரா நீந்தாம வேற எப்படி வந்திருக்கணும்?"

"பக்கவாட்டுல." வாய்க்காலுக்குக் குறுக்கே விரலை இழுத்து, அலை உடைகிற இடத்துக்குக் கொண்டுபோனாள். "இவ்ளோ தூரம்தான். இங்க வந்துட்டா அலையே கரைக்குத் தள்ளிடும். எனக்குத் தெரியல. யாரும் சொல்லித் தரல."

லாத்தா போனில் சொன்னதும் கிட்டத்தட்ட இதே வார்த்தைதான். பரீதா என்னைப் பார்க்காமல் மேசையில் சிந்திய மணலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த மாஸ்டர் இன்னும் ஆள் சேக்குறாரா?" என்றேன்.

நஸ்ரின் சிப்பியை மணலில் அழுத்தி வைத்தாள். அது சாய்ந்தது. எடுத்து மறுபடி வைத்தாள். "சனிக்கிழமை வரச் சொன்னாரு" என்றாள்.

நான் கீழே போய் மூடிக்குக் கண்ணாடி வெட்டினேன். கை நடுவில் நிற்கவில்லை என்று எழுத ஆசைதான். நின்றது. நாலாவது துண்டில்தான் நேராக வந்தது. மேலே கொண்டுபோனபோது நஸ்ரின் அளவு பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"இது மூடக் கூடாது வாப்பா. மூடினா வேர்த்துப்போய் பூஞ்சை வந்துடும். ஓப்பனாத்தான் இருக்கணும்."

ஆகவே செய்முறை கேட்டவர்களுக்கு: மூடி வேண்டாம். வாரம் ஒருமுறை செடி பக்கம் மட்டும் இரண்டு ஸ்பூன் தண்ணீர்.

5

மிச்ச மழைக்காலம் முழுக்கக் குளத்தில் பழகினாள். போன வாரம் மாஸ்டர் பிள்ளைகளை முதல் முறையாகக் கடலுக்குக் கூட்டிப்போனார். கடையைத் தெலுங்கு நண்பரிடம் விட்டுவிட்டு நானும் போனேன். ஏப்ரலில் போன கடற்கரை இல்லை, வேறொன்று. ஆனாலும் காடும் சாய்ந்த மரங்களும் அதே மாதிரிதான். மற்றத் தகப்பன்மார்கள் நிழலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஒருவர் என்னையும் கூப்பிட்டார். வருகிறேன் என்று சொன்னேன், போகவில்லை.

பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். மாஸ்டர் தண்ணீரைக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் கரையோடு நடந்து தண்ணீரையே பார்த்தேன். இடது பக்கம் அலை உடைந்தது. வலது பக்கம் உடைந்தது. கொஞ்ச தூரத்தில், நடுவே ஒரு பட்டை மட்டும் சத்தமில்லாமல், கொஞ்சம் கறுப்பாக, நம் ஊர்க் கடல் மாதிரி அழகாக இருந்தது. நுரை அதன்மேல் ஏறிக் கரைக்கு வராமல் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் மேசைமேல் பெட்டி மணலில் அந்தக் கீறல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, நாங்கள் அதை மூடவில்லை.

"நஸ்ரின், அதோ" என்று கை காட்டினேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"பாத்துட்டேன் வாப்பா" என்றாள். வரிசையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க பின்னாடி வாங்க. நனையுது."

குனிந்து பார்த்தேன். செருப்போடு முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன்.